ஷிப்பிங் என்பதற்குக் கப்பல் வேண்டாம்

"நான் நருட்டோவையும் ஹினாட்டாவையும் கப்பலேற்றுகிறேன்." ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் இப்படி ஒரு வாக்கியம் புழங்கத் தொடங்கியிருக்கிறது. நருட்டோ என்ற மங்காவில் வரும் இருவரைச் சொல்கிறார்கள்; 'ஷிப்பிங்' என்ற ஆங்கில ரசிகர் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். கூடவே கப்பல் விடுதல், கப்பலோட்டி, கப்பல் போர் என்று ஒரு குடும்பமே வளர்ந்துவிட்டது. முதலில் பார்த்தபோது, சரி, விளையாட்டுக்கு எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அண்மையில் ஒரு நல்ல கட்டுரையில், கதையை நுணுக்கமாகப் படித்து எழுதிய கட்டுரையில், பத்திக்குப் பத்தி இந்தக் கப்பல் வந்து போனது. எழுதியவரின் உழைப்பையே அந்த ஒரு சொல் கெடுத்துவிட்டது. அதனால்தான் இந்த விளக்கம்.

ஒரு கதையில் வரும் இருவர் காதலர்களாகச் சேர வேண்டும் என்று வாசகர் ஆசைப்படுவதும், அதற்காக வாதாடுவதும், படம் வரைவதும், கிளைக்கதை எழுதுவதும்தான் ஷிப்பிங். கதையில் அவர்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆசை வாசகருடையது. சொல் பிறந்தது 1990களில், 1993இல் தொடங்கிய தி எக்ஸ்-ஃபைல்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களிடம். அதன் முதன்மைப் பாத்திரங்களான முல்டரும் ஸ்கல்லியும் காதலிக்க வேண்டும் என்றவர்கள் 'ரிலேஷன்ஷிப்பர்' எனப்பட்டார்கள். அது தேய்ந்து 'ஷிப்பர்' ஆனது. காதலே கூடாது என்ற எதிரணிக்கு 'நோரோமோ' என்று பெயர். ஷிப்பரிலிருந்து ஷிப், ஷிப்பிங். பிறப்பு அவ்வளவுதான்.

இதில் கப்பல் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. ரிலேஷன்ஷிப் என்பதன் வாலில் இருக்கும் 'ஷிப்' ஒரு விகுதி. நம் 'மை', 'தன்மை' போல ஒரு நிலையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் 'ஷேப்', அதாவது உருவம், என்ற சொல்லோடுதான் அதற்கு உறவு. கடலில் போகும் ஷிப்புக்கு வேர் வேறு. ஒலியில் ஒன்றாகிப்போன இரண்டு சொற்கள், அவ்வளவே. ஃபிரெண்ட்ஷிப்பை நட்புக்கப்பல் என்று யாராவது எழுதுவோமா? ஸ்காலர்ஷிப் வாங்கிய பிள்ளைக்குப் புலமைக்கப்பல் கிடைத்தது என்போமா? உதவித்தொகை என்றுதானே சொல்கிறோம்! ஷிப்பிங்கில் மட்டும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்குவானேன்?

கப்பல்காரர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அது நியாயமான பதிலும்கூட. ஆங்கில ரசிகர்களே கப்பலை வைத்து விளையாடுகிறார்களே, ஜோடி சேர்ந்தால் கப்பல் புறப்பட்டது என்றும் சேராவிட்டால் மூழ்கியது என்றும் சொல்கிறார்களே, கப்பல் படம்கூடப் போடுகிறார்களே, அந்தச் சிலேடையைத் தமிழில் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலேடை என்பது ஒரே ஒலி இரண்டு பொருள் தருவது. உறவு என்ற சொல்லுக்குள் தமிழில் கப்பல் ஒலிக்கவில்லை. ஒலி இல்லாத இடத்தில் சிலேடையும் கிடையாது. காரணம் புரியாத ஒரு கப்பல்தான் மிஞ்சுகிறது.

அதுவும் தமிழில் கப்பல் சும்மா நிற்கும் சொல்லா? மானம் கப்பலேறிவிட்டது என்கிறோம். ஒருவரைக் கப்பலேற்றினேன் என்றால் அக்கரைச் சீமைக்கு அனுப்பினேன் என்றுதான் காதில் விழும். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தால் 'கப்பல் கவிழ்ந்துவிட்டதா' என்று வீட்டில் கேட்பார்கள். கப்பலோட்டி என்றதும் வ.உ.சி. நினைவுக்கு வருவார். கப்பல் போர் என்றால் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. இத்தனை நினைவுகள் ஏறிய சொல்லை எடுத்து, ஹினாட்டாவுக்கு யார் பொருத்தம் என்ற பேச்சுக்குப் பெயராக வைத்தால், மங்கா படிக்கத் தொடங்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் தமிழாக்கத்தால் யாருக்குப் பயன்?

இன்னொன்று. மங்கா ஜப்பானுடையது. அங்கே இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தோமா? கப்புரிங்கு என்கிறார்கள். 'கப்ளிங்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றி, பிறகு அதையும் சுருக்கி 'கப்பு' ஆக்கிக்கொண்டார்கள். பொருள், ஜோடி சேர்த்தல். இருவர் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். ஆணும் ஆணும் காதலிக்கும் கிளைக்கதைகளில் எந்தப் பெயர் முன்னால் வருகிறது என்பதற்கும் பொருள் உண்டு. முதல் பெயர் காதலில் முந்திக்கொள்பவர், இரண்டாவது பெயர் ஏற்பவர். வரிசையை மாற்றிப் போட்டால் அது வேறு ஜோடியாகிவிடும், அதற்கு வேறு ரசிகர் கூட்டம். 1975இல் தொடங்கிய கொமிக்கெட் சந்தையில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்டு விற்கும் புத்தகங்களில் இந்தக் குறியைப் பார்த்துத்தான் வாங்குபவர் தன் புத்தகத்தைத் தேடுகிறார். கப்பலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜப்பானியர் ஜோடி என்று சொன்னதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து கப்பலாக இறக்குகிறோம். ஜப்பானிய மங்காவைத் தமிழில் பேசும்போதும் ஆங்கில ரசிகர்கள் சொன்னதே மூலம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சங்கத் தமிழ் படித்தவர்கள் 'அலர்' என்பார்கள். அம்பல், அலர் இரண்டும் அழகான சொற்கள். முதலாவது ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது, இரண்டாவது வெளிப்படையாகப் பேசுவது. குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். ஆனால் அலர் என்பது இருக்கிற காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு. ஷிப்பிங்கில் காதல் இருக்கிறதா என்பதே வழக்கு. பொருந்தாது.

தனித்தமிழ் நண்பர்கள் 'இணைசேர்ப்பு' என்கிறார்கள். எழுத்தில் தாராளமாக வரலாம். ஆனால் விலங்குகள் இணை சேர்வதைப் பற்றிய பேச்சில் அடிபட்ட சொல் என்பதால் எனக்கு ஒரு தயக்கம். அதோடு இணைப்பு என்றாலே மின்சாரமும் கோப்பும்தான் இப்போது நினைவுக்கு வருகின்றன.

எனக்குச் சரியாகப் படுவது 'ஜோடி சேர்த்தல்'. ஜோடி வடக்கிலிருந்து வந்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஈழத்தில் சோடி என்று தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். செருப்பிலிருந்து சினிமா வரை எல்லாரும் சொல்கிற சொல். வகுப்பில் ஒரு பையனையும் பெண்ணையும் ஜோடி சேர்த்துப் பேசுவது எந்த ஊரில் இல்லை? மங்கா ரசிகர்கள் செய்வதும் அதே வேலைதான். ஒரே எச்சரிக்கை: சோம்பலில் இதை 'ஜோடித்தல்' என்று ஒரே சொல்லாக்கிவிடக் கூடாது. அது அலங்கரிப்பது, இல்லாவிட்டால் பொய் வழக்குப் போடுவது.

இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் சண்டைகளும் தெளிவாக விளங்குகின்றன. நருட்டோ மங்காவை எடுத்துக்கொள்வோம். ஹினாட்டா கட்சி, பெயின் என்ற எதிரிக்கு முன்னால் அவள் உயிரைப் பணயம் வைத்து 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொன்ன 437ஆம் அத்தியாயத்தைக் காட்டும். சகுரா கட்சி, நருட்டோ சிறுவயதிலிருந்தே தன் அணித்தோழி சகுராவை விரும்பியதைச் சொல்லும். பனி கொட்டும் இரும்பு நாட்டில் சகுரா அவனிடம் காதல் சொல்கிறாள். தன்னிடமே பொய் சொல்பவர்களைப் பிடிக்காது என்று அவன் மறுக்கிறான். இந்தக் காட்சியை இரண்டு கட்சியும் தங்கள் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். 2014 நவம்பரில் 700ஆம் அத்தியாயம் வந்தது, நருட்டோ ஹினாட்டாவை மணந்திருந்தான். 2016இல் ப்ளீச் என்ற இன்னொரு மங்கா முடிந்தபோது இச்சிகோ–ருக்கியா கட்சிக்கும் அதே அடி. இச்சிகோ ஒரிஹிமேயோடும் ருக்கியா ரெஞ்சியோடும் குடும்பம் நடத்தினார்கள். கதை முடிந்தது, வாதம் முடியவில்லை. சேர்ந்தார்களா என்பதைவிடச் சேர்ந்திருக்க வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி.

இங்கேதான் இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். "நான் இட்டாச்சியை ஷிப் பண்றேன்" என்று நருட்டோவில் வரும் ஒருவரைப் பற்றிச் சிலர் எழுதுகிறார்கள். யாரோடு? ஒருவரை மட்டும் வைத்து ஜோடி சேர்க்க முடியாது. ஒரு பாத்திரத்தை மட்டும் கொண்டாடுவதற்கு ஜப்பானியத்தில் 'ஓஷி' என்று தனிச்சொல் இருக்கிறது. பிறருக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குப் பிடித்தவர் என்று பொருள். தமிழில் 'அபிமானப் பாத்திரம்' போதும். நருட்டோ மங்காவில் பிடித்த பாத்திரம் யார் என்று உலகம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் மினாட்டோ முதலிடம், இட்டாச்சி இரண்டாமிடம், சகுரா மூன்றாமிடம். வெற்றி பெற்றவருக்காக அந்த மங்காவின் ஆசிரியர் மசாஷி கிஷிமோட்டோ 2023 ஜூலையில் ஒரு சிறுகதையே வரைந்தார். சகுராவின் மூன்றாமிடத்தைத் தூக்கிக்கொண்டு 'பார்த்தீர்களா, நருட்டோவுக்கு அவள்தான் பொருத்தம்' என்று வாதாடுகிறவர்கள் அபிமானத்தையும் ஜோடியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அவளைப் பிடித்து வாக்களித்தவர்களில் கதையில் வரும் இன்னொருவனான சாஸ்கேயோடு அவளை ஜோடி சேர்ப்பவர்கள் இருப்பார்கள், யாரோடும் சேர்க்காதவர்களும் இருப்பார்கள்.

மற்ற சொற்களுக்கும் தமிழ் கைவசம் இருக்கிறது. ஆசிரியரே எழுதிய கதையில் உள்ளதைக் குறிக்கும் கேனன் என்பதைப் பீரங்கி என்று மொழிபெயர்த்ததையும் படித்துத் தொலைத்தேன். 'மூலக்கதை' என்றால் முடிந்தது. கதையில் ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இருவரைச் சேர்ப்பதற்கு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். ஷிப் வார், ஜோடிச் சண்டை. ஷிப்பருக்கு மேலே நான் எழுதிய கட்சியே போதும்: "நீ எந்தக் கட்சி?" "ஹினாட்டா கட்சி."