அக்வேரியம்: மாட்டுத் தண்ணீரிலிருந்து மீன் காட்சியகம் வரை

நானும் மனைவியும் ஒரு நாள் அக்வேரியம் பார்க்கப் போயிருந்தோம். வாசல் பலகையில் ‘மீன் காட்சியகம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே போனதும் முதல் தொட்டியில் ஆமை, அடுத்ததில் ஜெல்லி மீன், அதற்கடுத்ததில் நட்சத்திர மீன்.

“என்னங்க, இதுல மீன் எங்க?” என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். ஆமையை விடுங்கள், பெயரிலேயே மீனை வைத்திருக்கும் மற்ற இரண்டும்கூட மீன் இல்லை. இரண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது.

அக்வேரியம் லத்தீன் சொல். ‘அக்வா’ என்றால் தண்ணீர். ஆனால் ரோமானியர்கள் மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடத்தைத்தான் அக்வேரியம் என்றார்கள். மீன் வளர்த்த குளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிஸ்கினா’. இன்றைய இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நீச்சல் குளம் என்று பொருள். ஆக, மீனுக்கு வைத்த பெயரில் மனிதர்கள் நீந்துகிறார்கள், மாட்டுக்கு வைத்த பெயரில் மீன்கள் நீந்துகின்றன!

மாட்டிடமிருந்து மீனுக்குச் சொல் கைமாறியது 19ஆம் நூற்றாண்டில். நீர்ச்செடியும் மீனும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் எழுதினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்காக மீன் கூடம் திறந்தார்கள். அப்போது இந்தத் தொட்டிகளுக்கு ‘அக்வா விவேரியம்’ என்றொரு நீண்ட பெயர் புழங்கியது. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் 1854இல் தன் புத்தகத்துக்கே ‘அக்வேரியம்’ என்று தலைப்பு வைத்தார். அந்தக் குட்டிப் பெயர் நின்றுவிட்டது.

ராசிகளில் கும்பத்துக்கு லத்தீனில் ‘அக்வேரியஸ்’, அதாவது தண்ணீர்க்காரன். அக்வேரியத்துக்கு உடன்பிறந்த சொல். கும்பத்துக்கு அடுத்த வீடு மீனம். பொருத்தம் தானாக அமைந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வீட்டில் வைத்திருந்தால் மீன் தொட்டி. அதில் தகராறே இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும் இடத்துக்குத்தான் ஆளுக்கொரு பெயர். ‘மீன் அருங்காட்சியகம்’ என்றால் பாடம் செய்து பாட்டிலில் வைத்த மீன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘நீர்வாழ் உயிரினக் காட்சியகம்’ பிழையில்லாத பெயர், ஆனால் சொல்லி முடிக்க மூச்சு வேண்டும். அதைச் சுருக்கி ‘நீர்வாழ் காட்சியகம்’ என்றால் கட்டடமே தண்ணீருக்குள் வாழ்வதுபோல் ஆகிவிடும். என் ஓட்டு மீன் காட்சியகத்துக்கே. ‘அகம்’ என்றால் உள், வீடு. நூலகமும் உணவகமும் அப்படி வந்தவைதான். மீன் என்ற சொல்லும் தமிழில் பரந்த மனசுக்காரச் சொல். வானத்தில் மின்னுவதைக்கூட விண்மீன் என்றவர்கள் நாம். ஆமைக்கும் அதில் கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன?

இதையெல்லாம் விளக்கிக்கொண்டே நடந்தபோது கண்ணாடிக்கு மிக அருகில் ஒரு திருக்கை வந்தது. சட்டென்று பின்வாங்கி மனைவியின் காலை மிதித்துவிட்டேன். தண்ணீரில் ஒளி வளைவதால், தட்டையான கண்ணாடி வழியே நேராகப் பார்த்தால் 4 அடி தள்ளி இருக்கும் மீன் 3 அடியில் இருப்பதுபோல்தான் தெரியும் என்று சமாளித்தேன். “கால் எத்தனை அடியில தெரிஞ்சுது?” என்றாள்.

கடல் குதிரை முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். வாலை ஒரு புல்லில் சுற்றிக்கொண்டு, முதுகுத் துடுப்பை விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குதிரை என்று பெயர் வாங்கிய இதுதான் அசல் மீன். செவுளும் உண்டு, துடுப்பும் உண்டு. ஆண் கடல் குதிரைதான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமந்து குஞ்சு பொரிக்கும் என்று பலகையில் போட்டிருந்தது. அதை மட்டும் எனக்காக இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

வெளியே வந்ததும் அவளுடைய அம்மாவிடமிருந்து போன். அரை மணி நேரம் என் சொல் விளக்கத்தைக் கேட்டவள், “அக்வேரியம் வந்திருக்கோம்மா” என்றாள்.