ஜாம்: இசையில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

தமிழில் இந்த ஒலிக்கு ஏற்கெனவே நெரிசல்தான். ரொட்டியில் தடவும் ஜாம், சாலையில் டிராஃபிக் ஜாம், 'கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்தது' என்பதில் வரும் ஜாம். முதல் இரண்டும் ராக் இசையின் ஜாமுக்குச் சொந்தம். மூன்றாவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரவைக் குறிக்கும் ஜாமமும் வேறு குடும்பம்.

ஆங்கிலத்தில் இது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நெருக்கி அழுத்து' என்ற வினையாக எழுத்தில் வருகிறது. பழத்தை நசுக்கிச் செய்வதால் பழக்கூழுக்கும் அந்தப் பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 1920களின் இறுதியில் ஜாஸ் கலைஞர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். எழுதி வைத்ததை விட்டுவிட்டு மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிக்கும் சிறு பகுதியே அவர்களுக்கு ஜாம். 'ஜாம் செஷன்' அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. 'ஜாம் பேண்ட்' என்ற வகைப்பெயர் பரவியது 1990களில்தான். அந்தப் பெயருக்கு முன்மாதிரியான கிரேட்ஃபுல் டெட் குழுவோ 1965இலேயே கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிவிட்டது.

பாட்டை இழுத்து நீட்டுவதுதான் ஜாம் என்று நினைப்பது பொதுவான தவறு. கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடியது. இங்கே கூடியது சரணங்கள் அல்ல. கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா ஒரு சிறு இசைத்தொடரைப் போட, ஃபில் லெஷ் பேஸ் கிட்டாரில் அதற்குத் துணைபோகாமல் எதிர்க்கேள்வி கேட்கிறார். அடுத்த சரணம் எப்போது வரும் என்பது மேடையில் இருப்பவர்களுக்கே முடிவாகியிருக்காது. ஒருவர் முன்னால் நின்று வாசிக்க மற்றவர்கள் தாங்கிப் பிடித்தால் அது சோலோ. பொறுப்பு எல்லோர் கையிலும் இருந்தால்தான் ஜாம்.

ஃபிஷ் என்ற இன்னொரு அமெரிக்க ஜாம் பேண்டின் ரசிகர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாட்டின் தாளத்துக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசைக்கும் உள்ளேயே நின்றால் முதல் வகை. அதை உடைத்து வெளியேறினால் இரண்டாம் வகை. மற்ற குழுக்களைப் பற்றி எழுதும்போதும் பயன்படும் பிரிவு இது.

எந்த நிகழ்ச்சியிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், எங்கள் தேர்வு கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் வாசித்த 1977 மே 8. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அந்த இரவு இடம்பெற்றிருக்கிறது. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிவதையும் 'ஃபயர் ஆன் த மவுண்டன்' தொடங்குவதையும் கவனியுங்கள். முதல் பாட்டின் கடைசிப் பகுதியும் இரண்டாம் பாட்டு முழுவதும் பி, ஏ என்ற இரண்டே கார்டுகளில் நடக்கின்றன. அதனால் மாற்றத்தைக் கார்டில் தேடினால் கிடைக்காது. பேஸ் கிட்டார் புதிய பாட்டின் இசைத்தொடருக்குள் நழுவும் இடத்தில்தான் அது இருக்கிறது. பாட்டுப் பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே போடும் அம்புக்குறிக்கு அர்த்தம் இதுதான்: நிறுத்தாமல் போனார்கள். காற்புள்ளி இருந்தால் நிறுத்திவிட்டுத் தொடங்கினார்கள்.

கார்னெல் அளவுக்கு மீறிப் புகழப்பட்டது என்பாரும் உண்டு. இரண்டாம் வகையின் ஆழம் தெரிய வேண்டுமானால் அவர்கள் சொல்வது நியாயம்தான்; 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்தின் வெனிடாவுக்குத்தான் போக வேண்டும். ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட நடந்த திறந்தவெளிக் கச்சேரி அது. 38 டிகிரியைத் தாண்டிய வெயிலில் தந்திகள் சுருதியில் நிற்கவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தைத் தொடும் அந்த 'டார்க் ஸ்டார்' தாளம் கரைந்து வெறும் ஓசையாகி, கடைசியில் 'எல் பாசோ' என்ற கௌபாய் பாட்டில் போய் இறங்குகிறது. அப்போது டிரம்ஸில் பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான். குழுவின் இன்னொரு டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் விலகியிருந்த 1971 முதல் 1974 வரையிலான ஆண்டுகளில் குழு சட்டென்று திரும்பும். இரட்டை டிரம்ஸ் மீண்டும் வந்தபின் கனம் கூடியது, வளைவு குறைந்தது.

ஜாம் கெட்டுப்போவது பெரும்பாலும் விரல் தவறி அல்ல, காது தவறித்தான். இருவர் அடுத்த பாட்டுக்குத் தாவ, மூன்றாமவர் பழையதிலேயே நிற்பார், தாளம் மோதும். ரசிகர்கள் இதை 'ரயில் விபத்து' என்பார்கள். இன்னொரு கோளாறு பதிவில் வரும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். 1974 மே 21 அன்று சியாட்டிலில் வாசித்த 'ப்ளேயிங் இன் த பேண்ட்' சுமார் 46 நிமிடம்! பக்கம் திருப்பும் இடத்தில் சில விநாடிகள் போகாமல் இருக்க வழியே இல்லை. பழைய பிரதிகளில் ஜாம் திடீரென்று குதித்தால் குழுவைக் குறை சொல்லாதீர்கள்.

இவ்வகைக் குழுக்களோடு ஒட்டிவரும் 'சைக்கடெலிக்' 1950களில் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் கிரேக்கச் சொற்களிலிருந்து கட்டியது. மனத்தை வெளிப்படுத்துவது என்று பொருள். 'போதை இசை' என்று பெயர்ப்பது சொல்லையும் இசையையும் சேர்த்தே தவறவிடுகிறது. 'உளத்திறப்பு இசை' நெருங்கி வரும்.

ஜாமுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்? 'மேம்படுத்தல்' என்று எழுதுவது 'இம்ப்ரொவைஸ்' (முன்கூட்டித் திட்டமிடாமல் அப்போதே இசைப்பது) என்பதை 'இம்ப்ரூவ்' என்று படித்ததன் விளைவு. ஆளத்தி, அதாவது ஆலாபனை, தாளமின்றி ஒருவர் விரிப்பது, பொருந்தாது. ஒரே வரியைத் தாளத்துக்குள் வைத்துப் பலவிதமாகப் பாடும் நிரவல் முதல் வகைக்குப் பக்கத்தில் வருகிறது, இரண்டாம் வகைக்கு உதவாது. கேட்டவுடன் கவி பாடும் ஆசுகவி என்பதைப் பார்த்து 'ஆசிசை' என்று ஆக்கலாம் என்றால், வாயில் நிற்கவில்லை. கச்சேரியில் கலைஞர் சொந்தக் கற்பனையில் விரிப்பதைச் சொல்லும் மனோதர்மம் நல்ல சொல், ஆனால் அதில் கூட்டம் இல்லை. 'கூட்டுக் கற்பனையிசை' என்பதே எங்கள் பரிந்துரை. வினையாக 'கூடிப் புனைந்தார்கள்' எனலாம். பேச்சில் ஜாம் ஜாமாகவே இருக்கட்டும்.

ஓரிடத்தில் மட்டும் நம் சொல் அப்படியே பொருந்தும். 1978 முதல் டெட் கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, தாளக் கலைஞர்கள் இருவர் மட்டும் வாசிக்கும் 'டிரம்ஸ்' பகுதியைக் கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் போலத் 'தனி' என்று சொன்னாலே போதும். அதை வாசித்தவர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம்.