மலைப் பயணத்தில் வெட்டக்கூடாத ஒரு நாள்

சிங்கப்பூரிலிருந்து மலைப் பகுதிகளுக்குக் குழுப் பயணங்கள் ஏற்பாடு செய்வது என் தொழில். லடாக், நேபாளம், கினபாலு, கேமரன் மலை, ஊட்டி, கொடைக்கானல் என்று எல்லா உயரத்துக்கும் நம் ஆட்கள் போகிறார்கள். கோயில் குழுக்கள், சமூக மன்ற நடைப்பயிற்சிக் குழுக்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்கள், கைலாய யாத்திரைக்கென்று பல வருடமாகக் காசு சேர்த்தவர்கள். கொட்டேஷன் அனுப்பிய மறுநாள் இவர்களில் பெரும்பாலோர் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும்? எடுக்கச் சொல்லும் நாளும் அநேகமாக ஒன்றுதான். அட்டவணையில் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கும் நாள்.

அந்த நாளுக்காகப் பேசத்தான் இதை எழுதுகிறேன். சுற்றுலா மேலாண்மை படித்தவன் என்பதால் மலைச் சுற்றுலா பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உடல்நலம், சாலைப் பாதுகாப்பு, நெரிசல், உள்ளூர்க்காரர்களின் வருமானம் என்று எந்தப் பக்கமிருந்து போனாலும் கடைசியில் அந்த ஒரு நாளிடம்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

முதலில் உடம்பு. நம் தீவின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா, 163 மீட்டர். லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். முந்தின நாள் ஈசூனில் இருந்தவர் டெல்லி வழியாக மறுநாள் காலை லேயில் இறங்கிவிடுகிறார். அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதற்கு உடல் பழக நாள் எடுக்கும். தினமும் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓடுகிறவர் என்றாலும் அதே நாள்தான். உடல் வலு இந்த விஷயத்தில் கைகொடுப்பதில்லை. சொல்லப்போனால், திடமானவர்கள் முதல் நாளே வேகமாக நடந்து அதிகம் அவதிப்படுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மலை மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல் எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். லேயில் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதல் 48 மணி நேரம் ஊரைவிட்டு மேலே போகாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமே அறிவுறுத்துகிறது.

“தம்பி, அவ்ளோ தூரம் போயிட்டு ரெண்டு நாள் ரூம்லயே உக்காந்திருக்கறதா? அந்த நேரத்துல பாங்காங் ஏரிய முடிச்சுடலாம்ல?” என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான், காசு அவருடையது. “பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல இருக்குக்கா. போற வழியில சாங் லா கணவாய் 5,300-ஐத் தாண்டும். தலைவலியோட அங்க போய் நின்னா ஏரி கண்ணுக்குத் தெரியாது” என்றேன். கடைசியில் ஓய்வு நாட்களை வைத்துக்கொண்டு வேறோர் இடத்தை எடுத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளும் சும்மா போவதில்லை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது நான் மேசை மேசையாகப் போய்ப் பார்ப்பது தட்டுகளைத்தான். வழக்கமாக இரண்டு முறை சோறு வாங்குகிறவர் ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். தலைவலி உண்டா, குமட்டுகிறதா, அசதி எப்படி, தலை சுற்றுகிறதா? மருத்துவ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘லேக் லூயிஸ்’ மதிப்பெண் முறையும் இந்த நான்கைத்தான் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியும் இருந்து, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு தூக்கமின்மையும் இந்தப் பட்டியலில் இருந்தது. உயரத்தில் நன்றாக இருப்பவர்களுக்கும் தூக்கம் கெடும் என்பதால் 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள். 

இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்களோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வது. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே கீழே இறக்க வேண்டும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நிறையப் பேர் தேக்காவில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலியைப் பொறுத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள்.

யாத்திரை போகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தும் அவருடைய சகாக்களும் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள கோசாயிகுண்டம் என்ற புனித ஏரிக்கு வந்த பக்தர்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலைநோய் இருந்தது. நம் யாத்திரைக் குழுக்களைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். திதி பார்த்துப் போய்ச்சேர வேண்டும் என்ற அவசரம், விரதம், ‘சுவாமி பார்த்துக்கொள்வார்’ என்று தலைவலியை வெளியே சொல்லாத மனம். கைலாய யாத்திரையில் மானசரோவர் ஏறத்தாழ 4,590 மீட்டர், மலையை வலம்வரும் பரிக்கிரமாவில் கடக்கும் டோல்மா கணவாய் 5,630 மீட்டர். போகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். நாள் குறைவான பேக்கேஜ் மலிவாகத்தான் இருக்கும். எந்த இரவு எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்று அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மலேசியாவின் சபாவிலுள்ள கினபாலு நமக்குப் பக்கத்து மலை. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் நம் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் இழந்த மலை. சபா பூங்கா நிர்வாகம் அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது, வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. அன்று சிக்கிக்கொண்டவர்களைக் கீழே கொண்டுவந்ததில் அந்த உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு மிகப் பெரியது, அவர்களில் சிலரும் உயிரிழந்தார்கள். இப்போதும் நான் பார்க்கும் சிக்கல், சிங்கப்பூரிலிருந்து முதல் நாள் இரவு கோத்தா கினபாலு போய், விடிந்ததும் பூங்காவுக்கு ஓடி, அன்றே 3,270 மீட்டரிலுள்ள லபான் ராத்தா வரை ஏறி, நள்ளிரவுக்குப் பின் எழுந்து 4,095 மீட்டர் உச்சிக்குப் போவது. பூங்காவின் நுழைவுப் பகுதி கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் இருக்கிறது. முதல் இரவை அங்கேயோ பக்கத்து ஊரான குண்டாசாங்கிலோ கழித்துவிட்டு ஏறினால் உடலுக்கு ஒரு படி கிடைக்கும். குண்டாசாங்கில் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு ராத்திரி வாடகை சேரும்.

அடுத்தது சாலை. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதே இல்லை. நம் பள்ளிகளின் நீண்ட விடுமுறை இரண்டு: ஜூன் மாதம், பிறகு நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முதலாவது தென்மேற்குப் பருவமழை, இரண்டாவது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நடந்த நிலச்சரிவை எல்லோரும் அறிவோம். மலேசியாவில் பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 அன்று முகாமிட்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். அதுவும் பள்ளி விடுமுறைக் காலம்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும்போதுதான் குடும்பம் போக முடியும். ஆனால் அட்டவணையில் ஒரு நாள் இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகிறது தெரியுமா? குன்னூர் மலைப்பாதையில் மரம் விழுந்து போக்குவரத்து நிற்கிறது. மறுநாள் அதிகாலை கோயம்புத்தூரில் விமானம். வண்டியில் இருக்கும் பெரியவர் ஓட்டுநரிடம், “எப்படியாவது கோத்தகிரி வழியா இறக்கிடுங்கண்ணே” என்கிறார். காலையிலிருந்து ஓட்டிக் களைத்தவர், கொட்டும் மழையில், பனிமூட்டத்தில், இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார். அந்த ஆபத்தை மலையா உண்டாக்கியது? பல மாதம் முன்பு சிங்கப்பூரில் உட்கார்ந்து நாம் பதிவுசெய்த விமானம் உண்டாக்கியது. அதனால் மலையிலிருந்து இறங்கும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நேபாளத்தில் லுக்லா போகிறவர்களுக்கு ஒரு நாள்கூடப் போதாது, மூடுபனியால் அங்கே விமானங்கள் ரத்தாவது சாதாரணம்.

ஓட்டுநர் என்றதும் ஒன்று. வாடிக்கையாளர்களின் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு விடுதிகளுக்கான கட்டட விதிகளைத் திருத்தியது. அறை பதியும்போதே இதைக் கேளுங்கள். ஊட்டிக் குளிரில் காருக்குள் சுருண்டு படுத்தவர்தான் காலையில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறார்.

நெரிசல் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வண்டிக்கு இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச்சீட்டு, வந்தது. 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கையும் விதித்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணியில் ஐஐடி மெட்ராஸும் ஐஐஎம் பெங்களூரும் இறங்கின. ஆய்வு நேராக நிர்வாகத்துக்குள் வருவதற்கு இது நல்ல உதாரணம், நான் வரவேற்கிறேன்.

தாங்குதிறனைக் கணக்கிட சிஃபுவெந்தஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் தந்த முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. இடத்தின் பரப்பையும் திறந்திருக்கும் நேரத்தையும் வைத்து எத்தனை பேர் நிற்க முடியும் என்று முதலில் பார்ப்பது. அதிலிருந்து மழை, சரிவு, மண்ணரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழிப்பது. கடைசியில் பணியாளர், கழிப்பறை, குப்பை வண்டி எத்தனை என்று பார்த்து இன்னும் கழிப்பது. மிஞ்சும் எண் மிகச் சிறியதாக இருக்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1985-இலேயே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள்: எத்தனை பேர் வரலாம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அதை மீறாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். நம் புக்கிட் தீமாவில் நடந்ததை நினைத்தால் அது புரியும். கால்பட்டுக் கால்பட்டு மண் அரித்து, சேறான இடத்தைச் சுற்றிப் போய்ப் போய்ப் பாதை அகலமாகி, 2014-இல் மூடிப் பழுதுபார்த்து 2016-இல்தான் முழுமையாகத் திறந்தார்கள். பாதையை விட்டு இறங்காமல் நடந்தாலே அந்தச் சேதத்தில் பெரும்பகுதி குறையும்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது அவசியம். ஆனால் எல்லா வண்டியும் மலைக்கு ஒரே சுமை இல்லை. சனிக்கிழமை காலை ஏறி, பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா மூன்றையும் பார்த்துவிட்டு இறங்கும் வண்டி, எல்லோரும் நிற்கும் இடத்தில் எல்லோரும் நிற்கும் நேரத்தில் நிற்கிறது. திங்கட்கிழமை ஏறி நான்கு இரவு தங்கும் குடும்பம் மலைப்பாதையை ஒருமுறை ஏற, ஒருமுறை இறங்க மட்டும்தான் பயன்படுத்துகிறது. தொட்டபெட்டாவுக்குக் காலை நேரத்தில் போகலாம், கோத்தகிரியில் ஒரு பகலை நிதானமாகக் கழிக்கலாம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனால் காருக்கான இ-பாஸே வேண்டாம். தங்கும் ஒவ்வோர் இரவும் அறை, சாப்பாடு, டீக்கடை, ஆட்டோ என்று காசு அந்த ஊரிலேயே இறங்குகிறது.

பூட்டான் இதை நடைமுறையில் செய்து பார்த்த நாடு. 2022-இல் ஓர் இரவுக்கு 200 அமெரிக்க டாலர் நிலையான வளர்ச்சிக் கட்டணம் வைத்தார்கள். இரவுக் கணக்கில் வசூலிப்பதால் அதிக நாள் தங்குகிறவருக்கே சுமை அதிகம். 2023 ஜூனில், நான்கு நாள் கட்டணம் கட்டினால் மேலும் நான்கு நாள் கட்டணமில்லாமல் தங்கலாம் என்று சலுகை தந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கட்டணத்தையே 100 டாலராக்கினார்கள். வருகிறவர் எண்ணிக்கையைப் போலவே, வந்தவர் எத்தனை இரவு தங்குகிறார் என்பதும் முக்கியம் என்று அந்தச் சலுகை காட்டியது.

செலவு எனக்கும் புரிகிறது. நாளைக் கூட்ட முடியாவிட்டால் இடத்தைக் குறையுங்கள். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றையும் ஒரு வாரத்தில் அடைக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டால் வண்டி வாடகையே கணிசமாகக் குறைகிறது. ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம், சாலை மூடினால் மாற்றுத் திட்டம் என்ன, யாருக்காவது முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்குவது யார்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். அவர் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவரா என்று கழகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காப்புறுதியில் உயர வரம்பு எத்தனை மீட்டர் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல திட்டங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. மலைநோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாமல், கிளம்பச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் பணம் கட்டும் முன்பே கேட்பது நல்லது. நீலகிரி, கொடைக்கானல் இ-பாஸை வெளிநாட்டவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் டிக்கெட் போடும்போது ஒருமுறையும், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள்.