கன்டேஜியன்: ‘பரவல்’ அல்ல, ‘தொற்று’

ஒரு நாட்டின் நெருக்கடி இன்னொரு நாட்டையும் பிடித்துக்கொள்வதைக் குறிக்க அரசுக் கடன் பத்திரச் செய்திகளில் வரும் ‘கன்டேஜியன்’ என்ற சொல்லைப் பலரும் பரவல் என்றே எழுதிவிடுகிறார்கள். தொற்று என்பதே சரி. லத்தீனில் ‘கொன்’ என்றால் சேர்ந்து, ‘தாங்கெரே’ என்றால் தொடுவது. தமிழில் தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்வது: கொடி பந்தலில் தொற்றி ஏறும். மதுரைப் பக்கத்துப் பேச்சில் ‘தொத்துவியாதி’. பழைய சொல் ‘ஒட்டுவாரொட்டி’. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து அண்டை நாட்டு நாணயங்களையும் இழுத்த பிறகு, இந்த நோய்ச்சொல் நிதித்துறையில் நிலைத்துவிட்டது.

சேர்ந்து ஏறி இறங்குவதெல்லாம் தொற்று ஆகாது. பனிக்காலத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி வரத்து குறைந்தால், பிச்சியும் முல்லையும் கூடவே விலை ஏறும். மல்லி கிடைக்காதவர்கள் அவற்றை வாங்குகிறார்கள். எப்போதும் உள்ள தொடர்புதான். இதற்குப் பரவல் என்ற சொல் போதும். மல்லியில் நட்டப்பட்ட வியாபாரி, கடனை அடைக்கத் தன்னிடமுள்ள சம்பங்கியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட, அதன் விலையும் விழுந்தால் அது தொற்று. சம்பங்கியில் ஒரு குறையும் இல்லை. இரண்டும் ஒரே கையில் இருந்தன, அவ்வளவுதான்.

பத்திரச் சந்தையிலும் இதுவே பெரிய வழி. 100 ரூபாய் முகமதிப்பு, 7 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை கொண்ட பத்திரத்துக்குச் சந்தை 8 சதவீத யீல்ட் (இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதம்) கேட்டால், விலை சுமார் 93 ரூபாய்க்கு இறங்கும். கடன் வாங்கிப் பத்திரம் பிடித்திருக்கும் நிதியத்திடம், கடன் கொடுத்தவர்கள் உடனே கூடுதல் ஈடு (அடமானம்) கேட்பார்கள். அது விற்க நினைத்ததை அல்ல, விற்க முடிந்ததை விற்கும். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் வரிக்குறைப்பை அறிவித்ததும் அரசுப் பத்திரங்களின் விலை விழ, அங்குள்ள ஓய்வூதிய நிதியங்கள் ஈடு கட்ட அந்தப் பத்திரங்களையே விற்றன. விற்றதாலேயே விலை மேலும் விழுந்தது, மறுபடி ஈடு கேட்டார்கள். 28ஆம் தேதி இங்கிலாந்து மத்திய வங்கி தானே வாங்க இறங்கித்தான் சுழல் நின்றது.

இன்னொரு வழி சந்தேகம். 2009 இறுதியில் கிரீஸ் தன் பற்றாக்குறை முன்பு சொன்னதைவிடப் பெரியது என ஒப்புக்கொண்டதும், போர்ச்சுகல், அயர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி கணக்குகளையும் முதலீட்டாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். 2011 நவம்பரில் இத்தாலியின் 10 ஆண்டு யீல்ட் 7 சதவீதத்தைத் தாண்டியது.

எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரிய, இரு நாட்டு யீல்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் பரவல். இத்தாலியின் யீல்ட் ஏறும்போது, பணம் ஓடி ஒளியும் ஜெர்மனியின் யீல்ட் இறங்கி இடைவெளி பிளந்தால் தொற்று.