25,000 ரூபாய் கட்டினால் நிருபர் ஆகிவிட முடியாது, தம்பி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் தன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தான். பி.ஏ. தமிழ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கழுத்தில் நீலப் பட்டையில் ஓர் அட்டை. அதில் அவன் படம், 'விருதுநகர் மாவட்டத் தலைமைச் செய்தியாளர்' என்று பதவி, மூலையில் சிங்க முத்திரை, கீழே சிவப்பில் பெரிதாக 'பிரஸ்'. அந்தப் பதவிக்காக அந்த அம்மா தோட்டை அடகு வைத்து 25,000 ரூபாய் கட்டியிருக்கிறார். நான்கு மாதத்தில் அந்தப் பத்திரிகை ஒரே ஒரு தடவை அச்சாகி வந்திருக்கிறது. எட்டுப் பக்கம், அதில் பாதி பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம். பையன் அனுப்பிய செய்தி ஒன்றுகூட அதில் இல்லை. சம்பளம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "விளம்பரம் பிடித்துக் கொடு, அதில் உனக்கு 30 சதவீதம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை.

இந்த வருடத்தில் மட்டும் என்னிடம் வந்த ஐந்தாவது ஆள் இவன். தமிழ் நாளிதழ் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் பிரிவில், 20 வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டேன், இப்போது இரண்டு கல்லூரிகளில் வகுப்பும் எடுக்கிறேன். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் இது நிற்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் "மாவட்டம், தாலுகா வாரியாக நிருபர்கள் தேவை, கல்வித்தகுதி தேவையில்லை, ஐடி கார்டும் வாகன ஸ்டிக்கரும் வழங்கப்படும்" என்று ஒரு செய்தி வந்தால் அதை அப்படியே அழித்துவிடுங்கள். வேலைக்கு எடுக்கிறவன் உங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால், டெபாசிட் என்றாலும் சரி, பயிற்சிக் கட்டணம் என்றாலும் சரி, அவன் அட்டை விற்கிறான், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஏமாற்றுகிறவர்கள் மேல்கூட இல்லை. அட்டை கையில் இருந்தால் ஏதோ அதிகாரம் வந்துவிடுகிறது என்று படித்த பிள்ளைகளே நம்புகிறார்கள் பாருங்கள், அதன் மேல்தான். அந்த அம்மாவும் என்னிடம் முதலில் அதைத்தான் சொன்னார். "சம்பளம் வராட்டியும் பரவாயில்லைங்க, போலீஸ் ஸ்டேஷன்ல மரியாதை இருக்கும், டோல்கேட்ல விடுவாங்கன்னு சொன்னாங்க."

அம்மா, அப்படி எதுவுமே கிடையாது. நம் அரசியல் சட்டத்தில் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. 19(1)(அ) பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் தருகிற பேச்சுரிமை, கருத்துரிமை இருக்கிறதே, பத்திரிகைக்காரனுக்கும் அதே உரிமைதான். 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வார இதழைக் காப்பாற்றியது இந்தப் பிரிவை வைத்துத்தான். அந்த இதழ் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டிருந்தது நம்முடைய அன்றைய சென்னை அரசு. உங்கள் வீட்டுப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இல்லாத ஓர் உரிமை நிருபருக்கு உண்டு என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. வக்கீல் ஆக பார் கவுன்சிலில் பதிய வேண்டும், டாக்டர் ஆக மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். இந்தியாவில் பத்திரிகையாளராக இருக்க எந்த லைசென்ஸும் வாங்க வேண்டியதில்லை. இல்லாத லைசென்ஸை ஒருவன் எப்படி 25,000 ரூபாய்க்கு விற்க முடியும்?

டோல்கேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் யார் யாருக்கு விலக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பத்திரிகையாளர் இல்லை. வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரும் அப்படித்தான். 2024 மே மாதத்திலிருந்து சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வாகனங்களில் இஷ்டத்துக்கு 'பிரஸ்', 'போலீஸ்' என்று ஒட்டிக்கொள்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. இன்னொன்று, அந்த அட்டையின் மூலையில் இருந்த சிங்க முத்திரையைத் தனியார் இப்படிப் போடுவதே 2005இல் வந்த அரசுச் சின்னச் சட்டப்படி குற்றம். காசு கொடுத்து வாங்கிய பையன் மரியாதை கிடைக்கும் என்று நினைத்து அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், முதல் கேள்வி அவனிடம்தான் வரும்.

உண்மையான நிருபர்களிடமும் அட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒன்று, அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் தருவது. நீங்கள் இன்ன நிறுவனத்து ஊழியர் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை, வங்கி ஊழியரின் அட்டை மாதிரி. இன்னொன்று, அரசு தரும் அங்கீகார அட்டை. தமிழ்நாட்டில் அதைச் செய்தி மக்கள் தொடர்புத் துறைதான் தருகிறது. நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தபின் நிறுவனம் பரிந்துரைத்து வாங்குவது அது. எந்தத் தனியாரும் உங்களுக்கு அதை வாங்கித் தர முடியாது. போலிகள் தொல்லை எவ்வளவு முற்றிவிட்டது என்றால், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் போலிப் பத்திரிகையாளர்களைக் கண்டுபிடிக்க மாநில அளவில் ஒரு கவுன்சில் அமைக்கும்படி உத்தரவிட்டது.

"ஆனால் சார், அவர்களிடம் பதிவு எண் இருக்கிறதே" என்றான் பையன். இதையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பதிவு எண் என்றால் ஒரு பத்திரிகையின் தலைப்பு பதிவாகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பதிவைச் செய்யும் மத்திய அரசு அலுவலகத்தை முன்பு ஆர்.என்.ஐ. என்று சொல்வோம். 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்தபின் அந்த அலுவலகத்தின் பெயரும் மாறிவிட்டது. நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் தலைப்புகள் பதிவாகியிருக்கின்றன. அதில் எத்தனை பத்திரிகை நாளைக் காலை உங்கள் ஊர் பேப்பர் கடையில் தொங்கும்? நேரே கடைக்குப் போய்க் கேளுங்கள், பேப்பர் போடுகிற அண்ணனுக்கே தெரியாத பத்திரிகையில் உங்களுக்கு என்ன வேலை இருக்க முடியும்? யூடியூப் சேனல்காரர்கள் 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று போட்டுக்கொள்வது இன்னும் மோசம். பல இடங்களில் நான் வாங்கிப் பார்த்தால் அது உத்யம் சான்றிதழாக இருக்கிறது. சிறு குறு தொழில் செய்கிற யாரும் ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாவு மில் வைத்திருந்தாலும் அதே சான்றிதழ்தான் தருவார்கள். செய்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, அப்படியானால் வேலை எப்படிக் கிடைக்கிறது?

எங்கள் டெஸ்க்கில் ஆள் எடுக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். பி.டி.ஐ. செய்தி நிறுவனத்திலிருந்து வந்த ஓர் ஆங்கிலச் செய்தியைக் கையில் கொடுப்போம். அரை மணி நேரத்தில் தமிழில் 200 வார்த்தைக்குள், தலைப்போடு வேண்டும். நூறு பேர் வந்தால் எண்பது பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாமல் நிற்பவர்கள் குறைவு. எது செய்தி என்று தெரியாமல், கடைசிப் பத்தியில் இருக்கும் முக்கியமான விஷயத்தைக் கடைசியிலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் அன்றைய பேப்பரில் லீட் செய்தி, அதாவது முதல் பக்கத்தின் முக்கியச் செய்தி, என்ன என்று கேட்போம். நிருபர் வேலைக்கு வந்து, அன்றைக்குப் பேப்பர் படிக்காமல் நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். யூனிகோடில் வேகமாகத் தட்டச்சு வராது, ஆட்சியர் பெயர் தெரியாது, பட்ஜெட்டில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதையெல்லாம் மூன்று மாதத்தில் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம், காசு செலவில்லை. தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

படிக்க வசதி இருந்தால் படியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, தரமணியில் ஏ.சி.ஜே. என்கிற ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது, டெல்லியில் 1965இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி. என்கிற இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் இருக்கிறது. செலவும் சேர்க்கை முறையும் இடத்துக்கு இடம் வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி வாய்ப்புகள் உண்டு, இன்று பெயர் சொல்லும் பலர் அந்த வழியில் வந்தவர்கள். பட்டம் இல்லாமல் வந்து என்னைவிட நன்றாகச் செய்தி எழுதியவர்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்கு கிடையாது. நீங்கள் எழுதிய பத்து நல்ல செய்திகள் கையில் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் அட்டை வேண்டுமே என்கிறார்கள்! எங்கே வேண்டும்? கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் வாக்காளர் என்ற முறையில் நீங்களே உட்காரலாம், வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும். வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்துக்கான செய்தி கிடைக்கும். நீதிமன்றத்தில் பெரும்பாலான விசாரணைகள் திறந்த அறையில்தான் நடக்கின்றன. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, எந்த ஆவணம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தரவில்லையா, மேல்முறையீடு செய்யுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், பிரஸ் கார்டு கேட்பது அந்தச் சட்டத்திலேயே இல்லை. நல்ல கட்டுரையாக வந்தால் பி.சாய்நாத் 2014இல் தொடங்கிய, கிராமப்புறச் செய்திகளுக்கான பாரி இணையதளம் போன்ற இடங்கள் வெளியாட்களின் எழுத்தையும் வாங்கிப் போடுகின்றன, பாரி தமிழிலும் வருகிறது.

ஊரிலிருந்தே வேலை பார்க்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பகுதிநேரச் செய்தியாளர் வேலை, நாங்கள் ஸ்டிரிங்கர் என்போம். மரியாதையான வேலைதான். ஆனால் சேரும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செய்திக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், பெட்ரோல் செலவு யார் பொறுப்பு, வழக்கு வந்தால் நிறுவனம் வக்கீல் வைக்குமா. வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிக்கச் சொல்வார்கள், அது பல இடங்களில் நடப்பதுதான். விளம்பரம் கொடுத்த கடைக்காரரின் கடையில் கலப்படம் பிடிபட்டால் நீங்கள் எழுதுவீர்களா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் பணம் வைத்து நீட்டுவார்களே அந்தக் கவர், அதை முதல் நாள் வாங்காதீர்கள். முதல் நாள் வாங்கிவிட்டால் அப்புறம் மறுக்கவே முடியாது, என்னோடு வேலை பார்த்த நல்ல எழுத்துக்காரர்கள் சிலரை அந்தக் கவர்தான் வீணாக்கியது.

பெண் பிள்ளைகள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றச் செய்தி கையில் வந்தால் பெயர், படம், பள்ளி, தெரு, அப்பா பெயர், எதுவும் போகக்கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ 23ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. முந்திக்கொண்டு போட வேண்டும் என்ற அவசரத்தில் வீட்டு வாசலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் அழுதுகொண்டு போன் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும், அதை நினைத்துப் பாருங்கள்.

ஆபத்தும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சி நிருபரை வெட்டினார்கள். ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் முன்னாடியே போலீசுக்குப் போன் செய்து உதவி கேட்டிருந்தார். உண்மையான நிறுவனத்தின் உண்மையான நிருபர் அவர். மணல், மது, நிலம் பற்றிய செய்திக்குத் தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று அலுவலகத்திலும் வீட்டிலும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அட்டை தடுக்கும் என்று நினைத்து யாரும் போய் நிற்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பத்திரிகை வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ஷிப்ட் உண்டு, பண்டிகை நாளில் வீட்டில் இருக்க மாட்டான், இதெல்லாம் உண்மை. ஆனால் நகையை அடகு வைத்து யாரிடமும் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்களா, வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். முன்பு 420 என்பார்களே, அந்த மோசடிக் குற்றம் இப்போது நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள். அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

அருப்புக்கோட்டைப் பையன் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் விவரம் எல்லாம் இருந்தது, திங்கட்கிழமையே அம்மாவும் பையனுமாகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே இன்னொரு வேலையும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் ஊர்க் கண்மாயில் மூன்று வருடத்தில் தூர்வார எவ்வளவு செலவு காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொன்னேன். முதல் தடவை எழுதியதில் 'ஏன்' என்று நான்கு கேள்வி இருந்தது, அடித்துவிட்டு எம்-புக் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) நகல், பில் நகல் என்று ஆவணமாகக் கேட்க வைத்தேன். இரண்டாவது தடவை சரியாக எழுதிவிட்டான். பதிவுத் தபாலில் போயிருக்கிறது, பதில் வர இன்னும் 11 நாள் இருக்கிறது.