வெயில் கருப்பு என்று விட்டுவிடாதீர்கள்

சென்னையில் தோல் மருத்துவராக இருக்கும் நான், கோடைக்காலத்தில் அதிகம் கேட்கும் வார்த்தை "வெயில் கருப்பு" என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் காசிமேட்டிலிருந்து மூன்று வயது மகனைத் தூக்கிவந்த ஒரு தாய் அதையே சொன்னபோது, குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் உதட்டிலும் புறங்கையிலும் கடுகு சிதறியதுபோலக் கரும்புள்ளிகள் இருந்தன. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் ஒன்றுகூட இல்லை. சன்னல் பக்கம் திருப்பியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு தாயின் தோளில் முகம் புதைத்தான். ஒன்றரை ஆண்டாகப் பல இடங்களில் வெறும் களிம்பு மட்டுமே கொடுத்திருக்கிறார்கள்.

"சொந்தத்துல கல்யாணமாம்மா?"

"ஆமா டாக்டர், எங்கம்மாவோட தம்பிதான்."

அவனுக்கு இருந்தது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய்.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்திருக்கும் இரண்டு தைமின்களை (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. நம் எல்லோருடைய தோலிலும் இது நாள்தோறும் நடக்கிறது. கடற்காற்றில் உப்புப் பூத்த சுவரைச் சரிசெய்யும் கொத்தனார், பழுதைச் சுற்றிலும் சேர்த்துக் கொத்தி எடுத்த பிறகே புதுப் பூச்சு வைப்பார். செல்லும் அப்படித்தான் செய்கிறது: எக்ஸ்பிஎஃப், எக்ஸ்பிஜி என்ற இரு வெட்டு நொதிகள் பழுதின் இருபுறமும் இழையை வெட்ட, ஏறத்தாழ 30 நியூக்ளியோடைடுகள் (டிஎன்ஏ இழையின் கண்ணிகள்) கொண்ட துண்டு வெளியேறுகிறது, மற்ற நொதிகள் அந்த இடைவெளியை நிரப்பி ஒட்டுகின்றன. இதன் நுட்பத்தை விளக்கியதற்காகவே அறிவியலாளர் அஜீஸ் சன்ஜாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த நோயில் உள்ளதுபோல, பழுதைக் கண்டறியும் புரதமோ வெட்டும் நொதியோ பிறவியிலேயே கெட்டிருந்தால், அந்த ஒட்டல் நீங்காமல் தங்கிவிடுகிறது. செல் பிரியும் முன் டிஎன்ஏ பிரதியெடுக்கப்படும்போது பிழைகள் பதிவாகி, பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரக்கூடும்.

கெட்ட மரபணுவை மாற்றித்தரும் சிகிச்சை இன்று நடைமுறையில் இல்லை, பாதுகாப்புதான் சிகிச்சை. ஆகவே சந்தேகம் எழுந்த அன்றே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வெயிலைத் தடுக்கத் தொடங்கச் சொல்கிறேன். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, சன்ஸ்கிரீன் எல்லாமே வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை என்பதால், பள்ளியிலும் பேருந்திலும் சன்னலோர இருக்கை கூடாது. வெயில் படாத உடலுக்கு வைட்டமின் டி மாத்திரை தேவை. சில மாதங்களுக்கு ஒருமுறை தோலையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்தத் தாய், தன்மேல்தான் தவறா என்று கேட்டு அழுதார். யார் மேலும் தவறில்லை. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நெருங்கிய சொந்தத்தில் கணவன், மனைவி இருவரும் அதே பழுதான பிரதியைச் சுமக்க வாய்ப்பு அதிகம், அப்போது ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. சிறுவனின் எந்த மரபணுவில் எங்கே பிழை என்று தெரிந்தால், அடுத்த கருவில் அதைத் தேடிப் பார்க்க முடியும் என்பதால், அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லி அனுப்பினேன்.