கிளிப்புக்கு அடியில் இருக்கிற துரு

தக்கலையில் இருந்து நாகர்கோவில் வருகிற வழியில், வில்லுக்குறி தாண்டி, கை காட்டிய ஒருவருக்காக முன்னால் போன மினி பஸ் சடக்கென்று நின்றது. நானும் ஓங்கி மிதித்தேன். பெடல் வழக்கம்போல் பாதியில் கெட்டியாக நின்று, அப்புறம் ஏதோ விட்டுப்போன மாதிரி பொத்தென்று இறங்கியது. வண்டி நின்றதென்னவோ நின்றது, பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பொடி எழுத்து ஸ்டிக்கரைக்கூட வாசிக்கலாம், அவ்வளவு நெருக்கத்தில். ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், பின்பக்கம் இடது சக்கரத்தை ஒட்டி பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

வண்டி அப்பா வாங்கிய 1998 மாருதி 800. வீடு குளச்சல் பக்கம், கடல் கூப்பிடு தூரம். அன்று காலை வரை பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. துரு ஒரே நாளில் வருகிற விஷயமா என்ன? பிரேக் ஆயில் ஓடுகிற இரும்புப் பைப்பை வருஷக்கணக்கில் தின்றுகொண்டிருந்தது, பெடலில் மட்டும் ஏன் கடைசி வரை தெரியவில்லை?

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். பெடல் ஒரு நெம்புகோல். 30 கிலோ பலத்தில் மிதித்தால் அது ஏறக்குறைய 5 மடங்காகி, 150 கிலோவாக, ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் விழும் (மிதிக்குக் கூடுதல் பலம் கொடுக்கிற பூஸ்டர் இல்லாத கணக்கு இது). பிஸ்டனின் விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பு 3 சதுர செ.மீ.க்குச் சற்று மேலே, ஆக ஆயிலில் ஏறுகிற அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 48 கிலோ. டயரில் நாம் அடிக்கிற காற்றே 2 கிலோ சொச்சம்தான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே பாஸ்கல் விதி, அதன்படி இந்த 48 கிலோ பைப்பின் சுவரையும் உள்ளிருந்து தள்ளுகிறது.

பைப் சின்னதுதான், வெளிவிட்டம் 4.75 மி.மீ., சுவர் 0.7 மி.மீ. ஆனால் இரும்புத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, இடையில் செம்பை உருக்கி ஒட்டிச் செய்தது. குழாயின் உள்விட்டம் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குச் சுவரில் இழுவிசை குறையும். கணக்குப்படி புதுப் பைப்பின் சுவரில் விழுவது சதுர செ.மீ.க்கு 115 கிலோ. சாதாரண இரும்பே 3000 கிலோவுக்கு மேல் தாங்கும். அதாவது தேவையைப் போல 25 மடங்கு பலம். இதில்தான் வினை இருக்கிறது. துரு தின்று தின்று சுவர் 0.05 மி.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள், ஒரு தாளின் பாதித் தடிமன். அப்போதும் இழுவிசை 1600 கிலோதான். தாங்கும். தினமும் கடைக்குப் போய் வரலாம், பெடல் கல்லு மாதிரி நிற்கும். பஸ் சடக்கென்று நின்று, நீங்கள் இரண்டு மடங்கு பலத்தில் மிதிக்கிற அந்த ஒரு நொடியில்தான் அது 3200 ஆகும். துருப்பிடித்த பைப் உடைவதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள், எனக்கென்னவோ அது நன்றாகவே பார்க்கிறது என்றுதான் படுகிறது.

நான் தப்பியதற்குக் காரணம், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன் இருந்தது. ஒரு பாதி ஆயில் போனாலும் மறுபாதி இரண்டு சக்கரத்தைப் பிடிக்கும். ஒற்றை பிஸ்டன் இருந்த அந்தக் காலத்து வண்டி என்றால் ஹேண்ட் பிரேக்தான் கதி.

சரி, ஓட்டை எங்கே விழுந்தது? வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியே தெரிகிற இடத்தில் எல்லாம் மேலாகச் செம்பழுப்பு, அவ்வளவுதான். பைப்பை அடித்தட்டில் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றியதும் பொலபொலவென்று கொட்டியது. கிளிப்புக்கு அடியில் ஈர மணல், கறுப்பும் வெள்ளையுமாக, மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அள்ளிவந்து அடைத்த மாதிரி. பைப் அந்த இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு தடித்திருந்தது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் ஊதிப்போகும். பார்க்கத் தடிமனாக இருக்கும் இடம்தான் உண்மையில் மெலிந்த இடம். கையால் வளைத்தேன், முறுக்கு மாதிரி ஒடிந்தது.

ஏன் கிளிப்புக்கு அடியில்? இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும், அப்படியானால் காற்று படுகிற இடம்தானே முதலில் போக வேண்டும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். வெளியே காற்றுபடும் பகுதியில் ஆக்சிஜன் எலக்ட்ரான் கேட்கிறது. அதைக் கொடுக்க, ஆக்சிஜன் எட்டாத மணலுக்கு அடியில் இருக்கிற இரும்பு கரைகிறது. ஒரே பைப் தனக்குள்ளேயே சின்ன பேட்டரியாக மாறிக்கொள்கிறது. கரைந்த இரும்பை நோக்கி உப்பின் குளோரைடு வந்து சேர, அந்த இடுக்கு அமிலமாகி, அரிப்பு இன்னும் வேகமாகும். குழி குழியாக, ஊசி குத்தின மாதிரி உள்ளே இறங்கும்.

நம்ம ஊரில் இதற்கு ஓய்வே கிடையாது. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் உப்புக்காற்று. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும், மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியும் அடியில் நனைந்தேதான் நிற்கிறது.

ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ரப்பர் டியூப் மாட்டலாம், கேஸ் வெல்டிங் வைக்கலாம் என்றெல்லாம் யோசனை சொல்ல ஆள் வரும். ஓங்கி மிதித்தால் ஏறுகிற 100 கிலோ அழுத்தத்தில் அதெல்லாம் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு நட்டில் இருந்து அடுத்த நட் வரை முழுப் பைப்பையும் மாற்ற வேண்டும். ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கிற வெறும் செம்புக் குழாயும் வேண்டாம், அதிர்ந்து அதிர்ந்து இறுகி விரிசல் விடும். நான் வாங்கியது செம்பில் 10 சதவீதம் நிக்கல் கலந்தது. கப்பல்களில் கடல்தண்ணீர் ஓடுகிற குழாய்க்குப் போடுகிற அதே உலோகம். விலை அதிகம்தான், ஆனால் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது.

பைப்பின் முனையை இணைத்திருக்கும் பழைய யூனியன் நட்டைக் கழற்றுவதற்குள்தான் பாதி உயிர் போகும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்து, சாதா ஸ்பானர் போடாமல், வாய் வெட்டிய ரிங் ஸ்பானரால் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மூலை மழுங்கிவிடும். அப்புறம் புதுப் பைப்பின் முனையைப் புனல் மாதிரி விரித்து மடிக்க வேண்டும். என் வண்டியில் இருந்தது 45 டிகிரியில் இரட்டையாக மடித்தது. குமிழ் மாதிரி மடிக்கிற வேறொரு வகையும் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கசியும். ரொம்பப் பொறுமையாக, பிசிறு நீக்கி, கண்ணாடி மாதிரி ஒரு மடிப்பு மடித்தேன். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “நட்டு எங்கடே?” என்றார். நட்டைப் பைப்பில் கோக்காமலே மடித்திருக்கிறேன். வெட்டி எறிந்துவிட்டு முதலில் இருந்து.

கடைசியாக ஏர் எடுப்பது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். பைப்பில் ஒரு குமிழ் இருந்தாலும் உங்கள் மிதி அதைக் கசக்குவதிலேயே தீர்ந்துபோகும். அக்கா மகன் உள்ளே உட்கார, நான் சக்கரத்தின் அடியில். “மிதி... பிடிச்சுக்கோ” என்றதும் காற்றை வெளியே விடுகிற ப்ளீடர் நட்டைத் திறப்பேன், குமிழோடு ஆயில் வரும், மூடிய பிறகுதான் “விடு”. மூடும்முன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். நடுவே மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது தடவைக்கு மேல் போனதும், “காலு வலிக்கு மாமா” என்றான். மிச்சத்தை ஒரு ஐஸ்கிரீம் பேரத்தில் முடித்தோம்.

ஆயிலும் புதிதாக இருக்க வேண்டும், அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றால், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 140 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது அந்தத் தரம். கொதித்தால் வருகிற ஆவிக் குமிழும் காற்று மாதிரியே அமுங்கும். போதாததற்கு அந்தத் தண்ணீர் இரும்புப் பைப்பை உள்ளிருந்தும் அரிக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், என் பின்கதவில் ஒரு கை அகலத்துக்குத் தகடு தெரிகிறது.

முடித்ததும் முழுப் பலத்தில் ஒரு நிமிஷம் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை. தெரு முனை வரை நடை வேகத்தில் ஓட்டி நாலைந்து தடவை ஓங்கி மிதித்துவிட்டு, திரும்பவும் ஒற்றிப் பார்த்தேன். மெயின் ரோட்டுக்கு மட்டும் இன்னும் எடுக்கவில்லை. முன்பக்கத்துப் பைப்பில் கிளிப்பைக் கழற்றிப் பார்க்காத இடம் இன்னும் மூன்று இருக்கிறது.